முன்னிருக்கையில் ஞானத்தகப்பன்

புனித வாசிலியே இரண்டாவது கோட்டைத் தொட்டதும் அப்பா வண்டியை நிறுத்தினார்.

புனிதர் என்பது எங்கள் நீவா ஜீப்பின் கண்ணாடியில் நூல் கட்டித் தொங்கவிட்ட பித்தளைப் படம். வண்டி எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அவர் நேராகத்தான் தொங்குவார். அவருக்குப் பின்னால் முகப்புப் பலகையில் அப்பா ஆணியால் மூன்று கோடுகள் கிழித்திருந்தார். முதல் கோடு வரை அம்மா வண்டியில் இருக்கலாம். இரண்டாவது வரை அப்பா மட்டும். மூன்றாவது வரை புனிதர் மட்டும். இரண்டாவது கோடு எந்த அனுபவத்தில் கிழிக்கப்பட்டது என்று அப்பா சொன்னதில்லை. வண்டியின் வலது கதவு மட்டும் வேறு நிறம்.

பின்னிருக்கையில் என் செல்பேசி, சாய்வு இருபத்தேழு பாகை என்றது. நான் தலைநகர் போட்கொரிட்சாவில் பொறியியல் இரண்டாம் ஆண்டு. சக்கரங்களின் அகலத்தில் பாதி, எடைமையத்தின் உயரம், இரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டால் வண்டி எந்தச் சாய்வில் கவிழும் என்று வந்துவிடும். நீவாவுக்குத் தாளில் நாற்பத்தைந்து வந்தது. தாளில் சரளைக்கல் கிடையாது. தாளின் கூரையில் வார்ப்பிரும்பு அடுப்பு கிடையாது. முன்னிருக்கையில் வூகோட்டாவும் கிடையாது.

வூகோட்டா என் ஞானத்தகப்பன். எங்கள் மலையில் அந்த உறவுக்குக் கும் என்று பெயர். உடன்பிறந்தவனோடு சண்டை போடலாம், கும்மோடு போடக்கூடாது. அப்பா போட்டிருந்தார். இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் குடும்பப் புனிதரின் விருந்தில் வூகோட்டா உட்கார்ந்த நாற்காலி உடைந்தது. இருபது விருந்தாளிகள் முன்னால் அப்பா, "நாற்காலியும் ஒரு ஜீவன்தானே, எவ்வளவுதான் தாங்கும்" என்றார். நூற்று முப்பது கிலோவும் சூப்பைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனது. அன்றிலிருந்து அப்பா ஊரெல்லாம் நாற்காலியைத்தான் குறை சொல்லி வருகிறார். உடைந்த காலைக் கொட்டகையில் பத்திரமாக வைத்திருக்கிறார், அதில் பூச்சி அரித்திருந்ததாக நிரூபிக்க.

இன்று வூகோட்டாவே கீழ்க்கிராமத்திலிருந்து வந்தார், பரிசாக அடுப்போடு. நாங்கள் போய்ச் சேர வேண்டிய மலைக்குடிலில் அம்மா காலையிலிருந்து காச்சமாக் என்ற சோளமாவுக் களி கிண்டிக்கொண்டிருக்கிறாள். எண்பது கிலோ அடுப்பைப் பின்னால் வைத்திருந்தால் வண்டி ஒழுங்காகப் போயிருக்கும். ஆனால் உள்ளே வைத்த பரிசு ஊர் கண்ணில் படாது. எனவே கூரை. கும் முன்னிருக்கையில்தான் உட்கார வேண்டும். எங்கள் நாட்டு வண்டிகளில் ஸ்டியரிங் இடப்பக்கம், எனவே அவர் வலப்பக்கம். பனி உருகியபோது பாதையின் பள்ளத்தாக்கு ஓரம் சரிந்திருந்தது. அதுவும் வலப்பக்கம்.

சரிந்த பாதையில் மிச்சமிருந்தது முப்பது மீட்டர். பின்னால் போவதென்றால் அதே சாய்வு, கூடவே அவமானம். இன்று திரும்பிப் போனால் வூகோட்டா இனி வரமாட்டார், அப்பாவும் கூப்பிடமாட்டார். எங்கள் ஆட்கள் இன்னொருவர் வண்டியில் ஏறினால் பாதியில் இறங்குவதில்லை. இறங்கினால் ஓட்டுபவனை நம்பவில்லை என்று அர்த்தம். இறங்கச் சொன்னாலோ, இந்த ஒரு மனிதரிடம் அதற்கு வேறு அர்த்தம்.

எஞ்சின் சூடாகியிருக்கிறது, கொஞ்சம் ஆறட்டும் என்றார் அப்பா. வண்டி கிளம்பிப் பத்து நிமிடம்தான் ஆகியிருந்தது. அடுப்பை இறக்கிவிட்டால் எடைமையம் தாழும் என்று நான் பாடம் ஒப்பித்தேன். வூகோட்டாவின் கழுத்து சிவந்தது. அப்பா கண்ணாடியில் என்னைப் பார்த்த பார்வையில், படிக்கவைத்த நான்கு தலைமுறைக்கான வருத்தம் இருந்தது. படித்தது நான் ஒருவன்தான்.

பிறகு அவர் முதல் கியரைப் போட்டார். நான் நகர்ந்து இடது ஜன்னலோடு ஒட்டிக்கொண்டேன். அறுபத்திரண்டு கிலோ, என்னால் ஆனது. வண்டி அரை மீட்டர் போனது. என் இருக்கைக்கு அடியில் சக்கரம் கல்லைப் பிடிக்காமல் சும்மா சுற்றும் சத்தம் கேட்டது.

"அப்பா, பின்சக்கரம் தூக்கிருச்சு."

நின்றோம். கீழே எங்கோ ஒரு கல் உருண்டுகொண்டே போய், நாங்கள் எல்லோரும் கேட்டு முடிக்கும் வரை உருண்டது. வூகோட்டா முன்னால் பார்த்தபடியே அப்பாவிடம் பேசினார்.

"ராடோசாவ். அன்னிக்கு இருபது பேருக்கு முன்னாடி சொன்ன. இப்ப மூணே பேரு. வாயத் தொறந்து சொல்லு."

அப்பா ஸ்டியரிங்கைத் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

"எறங்கு, கும். நீ கனமா இருக்க."

"எவ்ளோ?"

"அடுப்ப விட."

வூகோட்டா "அது சரி" என்று தன் பக்கக் கதவில் கை வைத்தார்.

"அந்தப் பக்கம் வேணாம்யா. வண்டி உம்மேல வந்துரும். எம்பக்கமா வா."

அப்பா இறங்கி, முட்டிவலிக்காகத் தன் கதவுக்குக் கீழே பற்றவைத்திருந்த இரும்புப் படியில் ஏறி நின்று, இரண்டு கையையும் உள்ளே நீட்டினார். அசைந்தால் தோலை உரித்துவிடுவதாக என்னிடம் சொன்னார். வந்ததிலிருந்து இருவரும் கைகுலுக்கியிருக்கவில்லை. அடுப்பைச் சுமந்ததால் நான்கு கைக்கும் வேலை இருந்தது. இப்போது மணிக்கட்டோடு மணிக்கட்டு கோத்து, கியர்க்கம்பியைத் தாண்டி, ஒரு பொத்தானை இழந்து, கெட்ட வார்த்தைகளில் எங்கள் இரு குடும்பங்களையும் தொட்டு, வூகோட்டா வெளியே வந்தார். மேட்டில் நின்று மூச்சு வாங்கினார். கூரையிலிருந்த அடுப்பைப் பார்த்தார், சரிவைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார்.

"கனம்னியே. எந்தப் பக்கம் வேணும்?"

பதிலுக்குக் காத்திராமல், அப்பா தன் இருக்கையில் உட்கார்ந்ததும் வூகோட்டா அந்தப் படியில் ஏறி, கூரைக்கம்பியைப் பிடித்து மேட்டுப்பக்கமாக உடம்பைச் சாய்த்தார். தூக்கியிருந்த சக்கரம் தரையில் உட்கார்ந்தது. கணக்கு எங்களுக்குச் சாதகமாகத்தான் வந்தது. ஆனால் கூரைக்கம்பியைப் பிடித்திருந்த நான்கு போல்ட்டுகளுக்கும் என் வயது. இரண்டு துருப்பிடித்திருந்தன. அதைச் சொன்னேன். வெளியே இருந்தவர், "ஓட்டச் சொல்லுடா அவன" என்றார்.

அப்பா ஜன்னல் கண்ணாடியை இறக்கினார். ஜன்னல் முழுக்க வூகோட்டாவின் கட்டம்போட்ட சட்டை. பொத்தான் போன இடத்தில் வெள்ளை பனியன். முதல் கியர். வலது கையால் மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்து, இடது கையை வெளியே விட்டு, அந்த ஒரு கை நூற்று முப்பது கிலோவைத் தாங்கும் என்று நம்பியதுபோல் வூகோட்டாவின் இடுப்பு பெல்ட்டை முஷ்டிக்குள் முறுக்கிக்கொண்டார். வண்டி நகர்ந்தது. சட்டை காற்றில் உப்பி அப்பாவின் முகத்தில் அடித்தது. அவர் தலையை நகர்த்தவில்லை. பெல்ட்டைப் பிடித்த விரல்கள் வெளுத்துக்கொண்டே வந்தன.