நடுவில் நின்ற அலமாரி

சமையலறைச் சுவரை இடித்து வீட்டை ஒரே கூடமாக்கச் சொன்னதே அவள்தான். அடுப்படியில் நின்றாலும் மூன்று வயது மகள் கண்ணெதிரிலேயே இருப்பாள் என்ற ஆசை. சோபாவுக்கும் சாப்பாட்டு மேசைக்கும் நடுவே மறைப்பாக ஆளுயரப் புத்தக அலமாரி ஒன்றை நிறுத்தினாள். புதுத் தரையில் துளை போட மனம் வராமல், போல்ட் முடுக்காமலே விட்டிருந்தாள்.

அன்று காலை வெங்காயம் நறுக்கிக்கொண்டே நிமிர்ந்தவள் கத்தியை அப்படியே கீழே வைத்தாள். மகள் அலமாரியின் மூன்றாவது தட்டில் ஏறி நின்றாள். அலமாரி மெல்ல முன்னால் சாய்ந்து, மறுபடி நிமிர்ந்தது.

கத்தினால் பிள்ளை துள்ளிவிடும். கணவனோ காதில் ஹெட்போனோடு சன்னலோரம் முதுகைக் காட்டி வேலையில் இருந்தான்.

"அசையாம நில்லு கண்ணு. அம்மா வர்றேன்." வரவழைத்த சிரிப்போடு நடந்தாள். பத்தடி தூரம் பத்துக் காதமாக நீண்டது.

"அம்மா, நான் எவ்ளோ உயரம் பாரு!"

மகள் திரும்பியதும் அலமாரி கவிழப் போனது. அவள் பாய்ந்து தோளைக் கொடுத்தாள். புத்தகங்கள் தலையில் பொழிந்தன. பிள்ளையைத் தூக்கலாமென்றால் கையை எடுக்க முடியவில்லை.

"கழுத்தைக் கட்டிக்கோடி!"

சின்னக் கைகள் இறுக்கின. தோள் நழுவத் தொடங்கியபோதுதான் புத்தகங்கள் விழுந்து தரை அதிர்ந்ததில் கணவன் திரும்பிப் பார்த்து ஓடிவந்து அலமாரியைத் தாங்கினான்.

"விடு, நான் பிடிச்சுட்டேன். நீ நகரு."

அவள் மகளோடு தரையில் சரிந்தாள்.

"அம்மா, இன்னொரு தடவை ஏறட்டுமா?" என்றாள் மகள்.

அவள் மகளைப் பிடித்த பிடியை இன்னும் இறுக்கினாள்.