மாமாவின் படுக்கைக்கு ஒரு வெள்ளித் தாள்

...அப்படியானால் மூக்கு அடைத்திருக்க வேண்டும், பிரிண்டரில் மை துப்புகிற மூக்குதான், இல்லையென்றால் ராத்திரி மணி ஏன் அடிக்கவில்லை, விடிந்து பார்த்தால் மாமாவின் வேட்டி, விரிப்பு எல்லாம் சொதசொதவென்று... சிந்து புதுத் தாளைச் சொருகினாள். பெரம்பலூர் காலேஜில் எலக்ட்ரிகல் படித்ததற்கு இந்த வீட்டில் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் இதுதான், வெள்ளி கலந்த மையைப் பழைய பிரிண்டரில் ஊற்றிப் போட்டோத் தாளில் இரண்டு சீப்புகளை அச்சடித்தது, ஒன்றின் பற்களுக்குள் இன்னொன்றின் பற்கள், தொடாமல்... விரிப்புக்கடியில் வைத்தால் போதும், ஈரம் பட்டதும் இரண்டுக்கும் நடுவே கரண்ட் ஓடும், அடுப்படியில் மணி அடிக்கும், மாமா வாய் திறக்கவே வேண்டாம். திறக்க மாட்டாரே, அதுதானே வம்பு! விக்கிரமங்கலத்தில் பத்து ஆளை வேலை வாங்கிய கண்ணையன், இடுப்பெலும்பு முறிந்து கிடந்தாலும் மருமகளிடம் போய் ஒண்ணுக்கு வருகிறது என்பாரா, மகன் அசோக் வேலை முடிந்து சிமெண்ட் ஆலையிலிருந்து வரும்வரை ஈரத்திலேயே கிடப்பார், முதுகில் தோல் உரிந்துவிட்டது, இன்னொரு புண் வந்தால் ஆஸ்பத்திரிதான் என்று நர்ஸம்மா சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்... இந்த அழுத்தக்காரர் மேல் எனக்கு ஏன் இவ்வளவு பிரியம்? புதுசாக வந்தபோது நான் வைத்த உப்புக் கரித்த குழம்பை மூச்சுக் காட்டாமல் மறுசோற்றுக்கும் வாங்கி ஊற்றிக்கொண்டாரே, அதனாலா?

தாள் வந்துவிட்டது, ஒவ்வொரு சீப்பின் மேலும் மீட்டரை வைத்தாள், கீச்சென்றது, கோடு எங்கும் அறுபடவில்லை. நேற்றைய தாளும் இப்படித்தானே இருந்தது? காயட்டும் என்று அவர் தலைமாட்டில் வைத்தேன், அசோக் நைட் ஷிப்டுக்குப் போகிற அவசரத்தில் பார்க்காமலே விரிப்புக்கடியில் சொருகி ஒயரை மாட்டிவிட்டுப் போனான்... மாமாவைப் பக்குவமாக ஒருக்களித்துவிட்டு அந்தத் தாளை உருவினாள். பாதிப் பற்களைக் காணோம். கோடெல்லாம் தேய்ந்து, விபூதி அப்பியிருந்தது.

"வெள்ளின்னு சொன்னியே ஆயி, கறுத்தாப்ல தெரிஞ்சிது. துன்னூறு வச்சு வெளக்குனேன்."

சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது, குங்குமச் சிமிழா மாமா இது என்று கேட்க நிமிர்ந்தவள் அப்படியே நின்றாள், அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். உடம்புச் சூடு பார்க்கிற தாள் என்றுதான் அவரிடம் சொல்லியிருந்தாள்... ஆனால் நேற்று நடையில் உட்கார்ந்து தாளின் மேல் கரண்டித் தண்ணீரை விட்டு விட்டு மணியடிக்க வைத்தேனே, கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டுதானே இருந்தார்? தெரிந்தேதான் தேய்த்தாரா? அந்த மணி பக்கத்து வீட்டு ராசாத்திக்குக்கூடக் கேட்குமே, வாயால் சொல்லவே கூசுகிற மனுஷனுக்கு அது எப்படி இருக்கும், அதை யோசித்தேனா நான்... ஐயோ, என் தங்க மாமா. புதுத் தாள் கையிலேயே இருந்தது. வைப்பதா, வேண்டாமா?

"அத அப்பறம் வையி ஆயி," என்றார், இன்னும் சுவரைப் பார்த்தபடியே. "எனக்கு... ஒண்ணுக்கு வருது."

தாளை எங்கே போட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை, ஆஸ்பத்திரியில் கொடுத்த பாட்டிலை எடுக்கக் கட்டிலுக்கடியில் குனிந்தாள், கண் கலங்கியது, எவ்வளவு கஷ்டப்பட்டுச் சொன்னார்... நாளைக்கும் சொல்வாரா?