‘நூ’வுக்காகக் காத்திருந்த பந்து

அந்தப் பள்ளியில் பிரெஞ்சு டீச்சர் வீசும் பந்து, சரியான விடை வரும்வரை கீழே இறங்காது. ஆரஞ்சுப் பழ அளவில் மஞ்சள் நிற ஸ்பாஞ்சுப் பந்து. நான், நீ, அவள் என்று ஏதாவது ஒன்றைப் பிரெஞ்சில் சொல்லிக்கொண்டே அவர் ஒரு பிள்ளையை நோக்கி வீசுவார். அந்தப் பிள்ளை வினைச்சொல்லை அதற்கேற்ப மாற்றிச் சொன்னால் பந்து கைக்கு வரும். சொல்லாவிட்டால் தலைக்கு ஒரு முழம் மேலே நின்றுகொள்ளும். தப்பாகச் சொன்னால் இன்னும் ஒரு சாண் ஏறும். மின்விசிறியில் அடிபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தலைமையாசிரியர் சொன்னதோடு சரி.

டீச்சரைப் பிள்ளைகள் ‘மதாம்’ என்றார்கள். போகப் போக ஆசிரியர்களும் அப்படியே அழைத்தார்கள். அவர் வருவதற்கு முன்பு பிரெஞ்சு என்றால் பலகையில் இருப்பதை எழுதுவது, ஒப்பிப்பது, மறப்பது. மதாம் வந்த முதல் நாளே நீலச் சீட்டும் சிவப்புச் சீட்டும் கொண்டுவந்து, ஆண்பால் பொருளுக்கு நீலம், பெண்பாலுக்குச் சிவப்பு, ஓடிப்போய் ஒட்டுங்கள் என்றார். உயிரில்லாத நாற்காலி எப்படி மதாம் பெண்ணாகும் என்று ஒன்பதாம் வகுப்பே வாதாடியது. மதாம் வாதாடவில்லை. வகுப்பை இரண்டு அணியாகப் பிரித்துப் போட்டி வைத்தார். மூன்றாவது ஆட்டத்தில், தன்மேல் தப்பாக ஒட்டிய சிவப்புச் சீட்டைச் சுவரே உதறிப் போட்டது. அதற்குப் பிறகு பையன்கள் நாற்காலியில் உட்காரும்போது கொஞ்சம் மரியாதையாக உட்கார்ந்தார்கள். இன்னொரு நாள் மேசைகளை ஒன்றுசேர்த்துக் கடைவீதி போட்டார். காகிதத் தக்காளி, காகித வெங்காயம், பேரம் முழுக்கப் பிரெஞ்சில். ஒழுங்காகப் பேரம் பேசி வாங்கியவர்களின் தக்காளியை வீட்டில் நறுக்கினால் சாறு வந்தது. சத்தம் தாங்கவில்லை என்று சண்டைக்கு வந்த பக்கத்து வகுப்புக் கணக்கு வாத்தியார், கதவோரம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அரைக் கிலோ வெங்காயத்தோடு திரும்பிப் போனார்.

பந்தும் அந்த வரிசையில் வந்ததுதான். பெரும்பாலும் மணி அடிப்பதற்குள் இறங்கிவிடும். ஒரு பையனுக்கு மட்டும் சனி ஞாயிறு முழுக்கத் தலைக்கு மேலேயே இருந்தது. முடிவெட்டுகிறவர் அதைச் சுற்றிச் சுற்றிக் கத்தரி போட்டார். இப்படி எல்லாருக்கும் பழகிப் போயிருந்த சமயத்தில்தான் மதாம் ‘நூ’ என்ற தன்மைப் பன்மையைச் சொல்லிப் பூட்டை நோக்கிப் பந்தை வீசினார்.

பூட்டு என்பது ஜன்னலோர இருக்கைப் பெண்ணுக்கு வகுப்பு வைத்த பெயர். வாயைத் திறக்கமாட்டாள், ஆனால் தேர்வில் தப்பே வராது. கேட்கப்பட்டது ‘இருக்கிறோம்’ என்ற வினை. அவளுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. ஆனாலும் பதில் வரவில்லை. பந்து அவளோடு மாடிப்படி இறங்கி, பஸ் ஏறி, வீட்டுக்கே போய்விட்டது.

வீட்டில் மூன்று பேர். அம்மா பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் உட்காருகிறவள். பெண் சிறுமியாக இருந்தபோதே அப்பா இறந்துவிட்டார். போன வருஷம் அம்மா ஒரு லிஃப்ட் மெக்கானிக்கைக் கல்யாணம் செய்துகொண்டாள். ஆள் நல்ல உயரம். அந்தச் சின்ன வீட்டில் எங்கே நின்றாலும் வழியை மறைப்பதுபோல இருக்கும். பெண் அவரை எந்த முறையும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சாப்பாடு எடுத்து வச்சாச்சு, யாரோ வந்திருக்காங்க என்று மொட்டையாகப் பேசியே ஒரு வருஷத்தை ஓட்டிவிட்டாள். பெரியம்மா போனில் விசாரித்தால், அவர் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, “நாங்க நல்லா இருக்கோம் பெரிம்மா, நானும் அம்மாவும்” என்பாள். அவர் தலை நிமிராமல் சாப்பிடுவார்.

பந்து வந்ததும் அம்மா வெட்கப்பட்டாள், திட்டினாள், துணி உலர்த்தும் கம்பால் தட்டிப் பார்த்தாள். மெக்கானிக் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் வேலையிலிருந்து வந்தவர், இடிக்காமல் இருக்கட்டும் என்று கூடத்து விளக்கைக் கழற்றிச் சுவரில் மாட்டினார். அறை வாசலில் திரைச்சீலைக் கம்பியை மேலே ஏற்றினார். மழை நாளில் பஸ் நிறுத்தத்துக்குக் குடை கொண்டுவந்து, பந்தும் நனையாதபடி கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, தான் தொப்பலாக நனைந்தபடி கூடவே நடந்தார். அவள் நன்றி சொல்ல வாயெடுத்தாள். என்னவென்று அழைத்துச் சொல்வது என்று தெரியாமல் விட்டுவிட்டாள்.

இப்படியே மாதங்கள் போயின. பள்ளியைப் பார்வையிட ஆய்வாளர் வரும் நேரம் நெருங்கியதும் தலைமையாசிரியருக்குத் தூக்கம் போயிற்று. ஒரு மாணவி தலையில் பந்தோடு திரிந்தால் பள்ளியைப் பற்றி என்ன நினைப்பார்கள்? இது தீராவிட்டால் அடுத்த வருஷம் பிரெஞ்சை எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டர் பாடம் போட்டுவிடுவேன் என்று மதாமிடம் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, விடையை அவள் காதில் சொல்லித் தொலைத்துவிடக் கூடாதா என்று கேட்டார்.

“விடை அவளுக்குத் தெரியும் சார்” என்றார் மதாம். “அவளாச் சொல்லட்டும். நான் காத்திருக்கேன்.”

தன் வேலையே ஆட்டம் காணும்போது இப்படிச் சொல்ல எத்தனை பேரால் முடியும்? மதாம் வகுப்பில் அந்தப் பந்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பூட்டுக்கும் மற்றவர்களைப் போலவே தாயம் உருட்டக் கொடுத்தார், கடைவீதியில் கடை கொடுத்தார். மற்றவர்களுக்கு வீச நீலத்தில் வேறொரு பந்து வாங்கிக்கொண்டார்.

அந்தச் சமயத்தில் மெக்கானிக்குக்குக் கம்பெனியில் வேறு ஊருக்கு மாற்றல் தருவதாகச் சொன்னார்கள். விருப்பம் இருந்தால் போகலாம். அவர் சரி என்று சொல்லிவிட்டு வந்தார். சமையலறையில் அம்மாவிடம் அவர் சொன்னது பெண்ணின் காதிலும் விழுந்தது. பிள்ளைக்கு வீட்டில் மூச்சு முட்டுகிறது, கொஞ்ச நாள் நான் தள்ளி இருக்கிறேன், மாசம் ஒரு தடவை வந்து பார்க்கிறேன் என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

மறுநாள் வகுப்பு கலைந்தபின் அவள் மதாமின் மேசைக்கு வந்தாள்.

“மதாம், நூன்னா நாமளா, நாங்களா?”

மதாம் சாக்பீஸைக் கீழே வைத்தார். இத்தனை வருஷத்தில் இதை ஒருவரும் அவரிடம் கேட்டதில்லை. வெகுநேரம் யோசித்தார், வாசலில் அடுத்த வகுப்புப் பிள்ளைகள் வந்து நின்றுவிட்டார்கள்.

“அங்க ரெண்டுக்கும் ஒரே வார்த்தைதாம்மா. யார் யாரைச் சேர்த்துக்கறோங்கறது சொல்றவங்க மனசுல இருக்கும். வார்த்தையில தெரியாது.”

“அப்போ கேக்கறவங்களுக்கு எப்படித் தெரியும்?”

“தெரியாது. நீதான் சொல்லணும்.”

மெக்கானிக் கிளம்பிய காலையில் அம்மா டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தாள். அவர் வாசற்படியில் உட்கார்ந்து ஷூவுக்குக் கயிறு கட்டினார். பெட்டி ஒருபுறம், கருவிப் பை ஒருபுறம். பெண் பின்னால் வந்து நின்றாள். அவர் தலைமேல் பந்தின் நிழல் விழுந்தது.

“நூ சோம்” என்றாள்.

பந்து அவர் தலையில் விழுந்து, தோளில் பட்டு, மடிக்கு வந்து சேர்ந்தது. அவர் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்னம்மா சொன்னே?”

“நாம இருக்கோம்னு சொன்னேன்” என்றாள். பிறகு, அவருக்குப் புரியாமல் போய்விடுமோ என்று பயந்து, “நாங்க இல்ல. நாம” என்றாள்.

அவர் கட்டிய கயிற்றை அவிழ்த்தார். அம்மா டிபன் பாக்ஸைத் திறந்து மூன்று தட்டில் பரிமாறினாள். கம்பெனிக்குப் போன் போட்டு, வீட்டில் ஒத்துவரவில்லை என்று அவர் சொன்னபோது, அந்தப் பக்கம் என்ன பிரச்சினை என்று கேட்டிருக்க வேண்டும். பிரச்சினை ஒன்றும் இல்லை சார், அதனால்தான் என்றார்.

ஆய்வாளர் வந்தார். மதாம் அவருக்கும் ஒரு பந்து வீசினார். கொஞ்சம் திணறினாலும் பிடித்துவிட்டார். பிரெஞ்சுப் பாடம் நிலைத்தது.

அதற்கு அடுத்த வாரம் எதிர்காலப் பாடம் ஆரம்பமானது. நாளைக்கு என்ன செய்வோம் என்று ஆளுக்கொரு வாக்கியம் சொல்ல வேண்டும். எல்லாரும் தப்பில்லாமல் சொன்ன நாட்களில் வகுப்பின் ஜன்னலுக்கு வெளியே மறுநாள் வானம் தெரிந்தது. இந்தச் செய்தி தெருவுக்குப் போய்ச் சேர இரண்டு நாள்கூட ஆகவில்லை. நாளைக்குத் துணி துவைத்துப் போடலாமா என்று கேட்டு அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து ஆள் வர ஆரம்பித்தது. மதாம் அவர்களை வராந்தாவில் உட்காரவைத்து, பாடம் முடிந்ததும் ஜன்னலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, போடலாம், ஆனால் நாலு மணிக்குள் எடுத்துவிடச் சொல்லுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.