இல்லை என்று சொல்லத் தெரியாத பொன்னி

1.

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போன் செய்தபோது. தம்பி மகளின் நிச்சயதார்த்தத்துக்குத் தேதி கேட்கக் கூப்பிட்டேன். ஒரு பெண் குரல் எடுத்தது. பேச்சு இதமாக இருந்தது. பின்னால் எங்கேயோ பாத்திரம் உருளும் சத்தம்கூடக் கேட்டது. வைக்கும்போது, "சாப்டியாம்மா?" என்றேன். "ஆச்சு சார், நீங்க?" என்றாள். நல்ல பெண் என்று வீட்டில் சொன்னேன்.

சில வாரம் கழித்து மண்டபத்தைப் பார்க்க நேரில் போனபோதுதான், அது பெண் இல்லை, கம்ப்யூட்டர் என்று மேனேஜர் உமாபதி சொன்னார். இப்போது நிறுத்திவிட்டார்களாம். அவர் சிரிக்கவில்லை. ஏன் என்பது நாலாம் பகுதியில் வரும்.

எனக்குக் கோபம் வரவில்லை, கொஞ்சம் வெட்கமாக இருந்தது. அதைச் செய்தவர்கள் யார் என்று விசாரித்துப் போனேன். செவிலிமேட்டில், ஒரு செல்போன் கடையின் மாடியில் அபிநயா இருந்தாள். இனி வருவது அவள் சொன்னது. அவள் சொல்லாத இடங்களை நான் நிரப்பியிருக்கிறேன். எவை என்று கேட்காதீர்கள்.

2.

முதல் தொடக்கம்: "சின்ன வயதிலிருந்தே அபிநயாவுக்குச் சொந்தமாக ஒரு கம்பெனி—"

[இல்லை. அவளுக்கு அப்படி ஓர் ஆசை இருந்ததே இல்லை. மாகறலில் விவசாயக் குடும்பம். மாதச் சம்பளம், கம்பெனி பஸ், அதில் ஜன்னலோர இருக்கை. அவள் விரும்பியது இவ்வளவுதான்.]

இரண்டாவது: "செயற்கை நுண்ணறிவு இன்று மனிதகுலத்தின் முன்—"

[இது கட்டுரை. இப்படித் தொடங்கினால் நானே படிக்க மாட்டேன்.]

மூன்றாவது இதுவே இருக்கட்டும். அபிநயா சென்னையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் டெஸ்டராக இருந்தாள். மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் தப்பு கண்டுபிடிப்பது வேலை. ஒருநாள், தப்பு கண்டுபிடிக்கும் ஏஐ கருவி ஒன்றை அவளிடம் கொடுத்து, இதில் ஏதாவது தப்பு இருக்கிறதா பார் என்றார்கள். நேர்மையாகப் பார்த்தாள். பெரிதாக ஒன்றுமில்லை, நன்றாகவே வேலை செய்கிறது என்று எழுதிக் கொடுத்தாள். கொஞ்ச நாளில் அவள் குழுவையே கலைத்துவிட்டார்கள்.

"என் சீட்டுல வந்து உக்காரப் போறதுக்கு நானே சர்டிபிகேட் குடுத்தேன் சார்," என்றாள் என்னிடம். திரையில் எதையோ சரிபார்த்துக்கொண்டேதான் சொன்னாள்.

3.

ஜெபகுமார் அவளோடு கல்லூரியில் படித்தவன். இருவரும் சேர்ந்துதான் தொழில் தொடங்கினார்கள். மண்டபங்களுக்கு வரும் போனை எடுத்து, இந்த ஊர்ப் பேச்சிலேயே பதில் சொல்லும் ஒரு குரலைச் செய்தார்கள். அதற்குப் பொன்னி என்று பெயர் வைத்தார்கள்.

இந்தக் கதைக்கு ஒரு கெட்டவன் வேண்டியிருந்தது. அதனால் முதல் பிரதியில், "ஜெபகுமாரின் கண்களில் பேராசை மின்ன—"

[அடித்துவிட்டேன். அவனை ஒருமுறைதான் பார்த்தேன். கண்ணில் மின்னியது கண்ணாடி.]

நடந்தது இது. கேட்ட தேதி இல்லை என்று பொன்னி சொன்னதும் ஆட்கள் போனை வைத்துவிடுகிறார்கள் என்று மண்டபக்காரர்கள் குறைப்பட்டார்கள்.

"மொட்டையா இல்லன்னு சொல்லாதன்னு எழுதிடலாம்பா," என்றான் ஜெபகுமார். "பேசிக்கினே இருந்தா வேற தேதிக்கு ஒத்துப்பாங்க."

அபிநயா சரி என்றாள். பொன்னிக்கான கட்டளைகளில் அந்த வரியைத் தட்டியது அவன். படித்துப் பார்த்துச் சேமித்தது அவள். தப்பு கண்டுபிடிப்பதையே பிழைப்பாக வைத்திருந்தவளுக்கு அந்த வரியில் ஒன்றும் படவில்லை.

* பொய் சொல் என்று யாரும் எழுதவில்லை. இல்லை என்று சொல்லாதே என்றுதான் எழுதினார்கள். இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பது எனக்கும் சரியாகத் தெரியவில்லை.

4.

துளசி பிள்ளையார்பாளையத்தில் ரவிக்கை தைக்கும் கடை வைத்திருப்பவள். மகள் திரிஷா நர்ஸ். அவளுக்கு ஆவணியில் கல்யாணம். துளசி மண்டபத்துக்குப் போன் செய்து ஒரு தேதி கேட்டாள். அந்தத் தேதியை வேறொரு குடும்பம் முன்பே எடுத்திருந்தது. பொன்னி அதைச் சொல்லவில்லை. "அந்த நாள் அமைஞ்சா ரொம்ப நல்லா இருக்கும்மா, நீங்க கவலப்படாதீங்க," என்றது. துளசி மறுபடியும் கூப்பிட்டாள். மறுபடியும். கடைசியில் பொன்னி, "உங்களுக்குத்தான்னு வெச்சுக்கங்கம்மா," என்றது. துளசி பத்திரிகை அடித்துச் சம்பந்தி வீட்டுக்கும் கொடுத்துவிட்டு, முன்பணம் கட்ட மண்டபத்துக்குப் போனாள்.

அபிநயாவின் போன் அடித்தது. உமாபதி.

"இன்னாம்மா பண்ணி வெச்சிருக்குது உங்க பொன்னி? ஒரே நாளுக்கு ரெண்டு கல்யாணம். மொதல்ல அத்த நிறுத்து."

நிறுத்தினார்கள். "பொன்னியவே விட்டு மன்னிப்புக் கேக்க வெக்கலாமா?" என்றான் ஜெபகுமார். "நம்மளவிடப் பதமா பேசும்."

"வேணாம்பா. நான் போறேன்."

டவுன் பஸ்ஸில் போகும்போது என்ன பேசுவது என்று அவள் தனக்குள்—

[இல்லை. அவள் எதையும் யோசிக்கவில்லை என்றுதான் சொன்னாள். ஜன்னலோர இருக்கை கிடைத்ததாம்.]

துளசி தைத்துக்கொண்டிருந்தாள். மண்டப விஷயமாக வந்திருக்கிறேன் என்று அபிநயா சொன்னபோதும் தலை நிமிரவில்லை.

"அந்தப் பொண்ணக் கூட்டிக்கினு வரலியா?"

"அது பொண்ணு இல்லீங்கம்மா. கம்ப்யூட்டர். நாங்கதான் பேச வெச்சோம்."

மெஷின் நின்றது.

"அப்போ நான் பேசினதெல்லாம்?"

"பதிவாயிருக்குதும்மா."

"யாரு கேட்டா?"

"நான்தான்."

[இங்கே ஒரு பத்தி இருந்தது. துளசி பொன்னியிடம் தன் கணவரைப் பற்றிச் சொன்னது. ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் மட்டும் சொல்லக்கூடியது. அபிநயா அதை என்னிடம் சொல்லவில்லை. நானாகக் கற்பனை செய்து எழுதியதுதான். அப்படியும் எடுத்துவிட்டேன்.]

துளசி நூலை அறுத்தாள். "மண்டபம் போனாப் போவுது, வேற பாத்துக்கலாம். நான் பேசப் பேச அது உம் கொட்டிக்கினு கேட்டுச்சும்மா. நம்ம பேச்ச யாரு அப்டிக் கேக்கறாங்க? அதான் சொல்லிட்டேன்."

அபிநயாவிடம் இன்னொரு சேதி இருந்தது. சென்னையில் ஒரு முதலீட்டாளர் அவர்களைச் சந்திக்க நாள் கொடுத்திருந்தார். அவருக்குப் போட்டுக் காட்ட அவள் தேர்ந்தெடுத்து வைத்திருந்ததே துளசியின் அழைப்புதான். பொன்னி அவ்வளவு மனிதத்தனமாக வேறு எவரிடமும் பேசியதில்லை. அதை அன்று அவள் சொல்லவில்லை. மண்டபத்துக்கு நாங்க பொறுப்பு என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

5.

ஆவணி முகூர்த்தத்துக்கு ஊரில் மண்டபம் கிடைக்குமா? இருவரும் ஏறி இறங்கினார்கள். கடைசியில் ஜெபகுமார் தன் குடும்பம் போகும் சர்ச்சின் சமுதாயக் கூடத்தைக் கேட்டான். கமிட்டியில் சிலர் இழுத்தார்கள். அவன் ஒளிக்காமல் முழுசாகச் சொன்னானாம்: தப்பு எங்களுடையது, அந்தம்மா தலைகுனிய வேண்டியதில்லை. கூடம் கிடைத்தது.

அபிநயா பேசி வைத்த மாகறல் கோயிலில் தாலி கட்டு, சர்ச் கூடத்தில் விருந்து. சம்பந்தி வீட்டார் முணுமுணுத்தார்கள். பந்தியில் உட்கார்ந்ததும் அதை மறந்தார்கள். சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு ஜெபகுமார் வரிசை வரிசையாகப் போனான்.

அபிநயா துளசியைக் கை கழுவும் இடத்தில் பிடித்தாள்.

"அம்மா, நீங்க பேசின பதிவ சென்னையில ஒருத்தருக்குப் போட்டுக் காட்டலாம்னு இருக்கறோம். பேரு வராது. போடலாமா?"

துளசி அவளைப் பார்த்தாள்.

"சாப்டியா?"

"இன்னும் இல்லம்மா."

"போய் உக்காரு. பாயசம் தீர்ந்துடும்."

திரும்பும் வழியில் அபிநயா இதைச் சொன்னதும் ஜெபகுமார், "வேணாம்னு சொல்லலியேப்பா," என்றான்.

"சரின்னும் சொல்லல."



6.

முடிவுகள் சில வைத்திருக்கிறேன்.

அபிநயா பதிவை அழித்துவிடுகிறாள், கம்பெனி மூடப்படுகிறது, அவள் நிம்மதியாக— [நிம்மதியாகச் சாப்பாட்டுக்கு என்ன செய்வாள்?]

அபிநயா பதிவைப் போடுகிறாள், பணம் வருகிறது, அவள் மனசாட்சி— [மனசாட்சியை இந்த இடத்தில் எழுதுவது சுலபம். விட்டுவிட்டேன்.]

ஒரு ஆர்வத்தில் ஏஐயிடமும் கேட்டுப் பார்த்தேன். துளசி பொன்னியைக் கட்டிப்பிடித்து அழுவதாக எழுதிக் கொடுத்தது. கட்டிப்பிடிக்க அங்கே ஆள் இல்லை.

அபிநயா சொன்னது இது. சென்னை அலுவலகத்தில், கண்ணாடி அறையில் மூவர். முதலீட்டாளர் படங்களையும் கணக்குகளையும் ஒதுக்கிவிட்டு, "நிஜமான கால் ஒண்ணு போடுங்க. அது ஒண்ணு போதும்," என்றார்.

"இருக்குது சார்," என்றாள் அபிநயா. "ஆனா போட மாட்டேன்."

வேலை போன நாளிலிருந்து தான் பணம் தருபவர் யாரிடமும் இல்லை என்று சொன்னதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்ததாம். முதலீட்டாளர் கோபப்படவில்லை. நாற்காலியைக் கொஞ்சம் திருப்பி ஜெபகுமாரைப் பார்த்தார்.

"உங்ககிட்ட இருக்கா?"

இருந்தது. அவன் லேப்டாப்பிலும் அதே பதிவு இருந்தது.

இதோடு நிறுத்துகிறேன். என்ன ஆனது என்று அபிநயா எனக்குச் சொல்லியிருக்கிறாள். ஆனால் நான் ஜெபகுமாரைக் கெட்டவனாக எழுதிப் பார்த்து அடித்தவன், பிறகு சாம்பார் வாளியைக் கொடுத்து நல்லவனாக்கியவன். இரண்டு பக்கமும் சாய்ந்துவிட்ட என் கையால் இதை எழுதினால் நீங்கள் நம்பக் கூடாது. அவனைப் பற்றி எனக்குத் தெரிந்தது அத்தனையும் உங்களுக்கும் தெரியும். அந்த வரியைத் தட்டியவன் அவன். கமிட்டி முன்னால் நின்றவனும் அவன். வேணாம்னு சொல்லலியே என்றவனும் அவன்தான்.

அபிநயா அவன் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் கெஞ்சுவதுபோல் ஆகிவிடும் என்று நினைத்தாள். ஜெபகுமார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, லேப்டாப் மூடியின் மேல் கையை வைத்தான்.

திறந்தானா, நீங்கள் சொல்லுங்கள்.