ஆரஞ்சுக் கோட்டுக்குப் பின்னால்

எனக்கு வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியாது. அடுகோடியில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அப்படிப்பட்டவளிடம் போய், "சிஸ்டர் ஆரஞ்சு கோட்டு போட்டிருந்தா பேசக்கூடாது" என்று அந்த ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

காரணம் நியாயமானதுதான். மருந்து எடுக்கும் நேரத்தில் ஆளாளுக்குக் கேள்வி கேட்டு, போன வாரம் ஒருவருடைய மாத்திரை இன்னொருவருக்குப் போய்விட்டதாம். அதனால் மருந்து வண்டியைத் தொடும்போதே சிஸ்டர் அந்தக் கையில்லாத கோட்டை மாட்டிக்கொள்வார். கழற்றும்வரை யாரும் கூப்பிடக்கூடாது. என்னைப்போல் தொணதொணப்பவர்களுக்காகவே கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் தாஸுக்கு அன்று காலையில் குடலிறக்க ஆபரேஷன். பீன்யா கம்பெனியில் பாரம் தூக்கித் தூக்கி வந்த வினை. மத்தியானம் வலி தாங்காமல் கத்தினார். ஊசி போட்டார்கள், தூங்கினார். கொஞ்ச நேரம் குறட்டை கேட்டது. பிறகு கேட்கவில்லை.

அவர் குறட்டை விடாமல் தூங்கி நான் பார்த்ததே இல்லை. "ஏங்க, ஏங்க" என்று தோளை உலுக்கினேன். கண் திறக்கவில்லை. நெஞ்சு எப்போதோ ஒரு தடவை ஏறி இறங்கியது. உதட்டில் நீலம் பாய்ந்திருந்தது.

ஓடினேன். வார்டு நடுவில் ஜோசஃபின் சிஸ்டர் ஆரஞ்சு கோட்டோடு நின்று, சுந்தரமூர்த்தி என்கிற பெரியவருக்குச் சுகர் ஊசி மருந்தை இழுத்துக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தேன். வார்டு பாய் கோவிந்தப்பா, "மாத்தாடபேடி அம்மா" என்று கன்னடத்தில் அதட்டி உதட்டில் விரலை வைத்தார்.

நின்றேன். நான் பேசி, அந்தப் பெரியவருக்கு மருந்து கூடிப்போனால்? பேசாவிட்டால் இவர்? கட்டிலுக்கு ஓடினேன், திரும்ப வந்தேன். செருமினேன். வளையலைக் குலுக்கினேன். சிஸ்டர் திரும்பவே இல்லை. திரும்பக்கூடாது என்பதுதானே சட்டம். பாழாய்ப்போன கோட்டு! பின்னாலிருந்து பிடித்து ஒரே இழுப்பு இழுத்தேன். கொக்கி பிய்ந்து கோட்டு என் கையோடு வந்துவிட்டது.

"இப்ப பேசலாம் இல்ல சிஸ்டர்? அவர் மூச்சு விடல!"

சிஸ்டர் ஊசியைத் தட்டில் போட்டுவிட்டுப் பறந்தார். ஆக்ஸிஜன் வைத்தார்கள், மாற்று ஊசி போட்டார்கள். தாஸ் இருமிக்கொண்டே கண்ணைத் திறந்து, தூக்கத்தைக் கெடுத்தவளைப் பார்ப்பதுபோல் என்னை முறைத்தார். அந்த முறைப்பைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

டாக்டர் ஷ்ரேயா கேட்டார்: "வலி ஊசி அவருக்கு ஒத்துக்கல. எவ்ளோ நேரமா இப்படி இருந்தார்?"

"அந்தக் கோட்டுக்குப் பின்னாடி நான் நின்ன நேரம் பூரா" என்றேன்.

ஜோசஃபின் சிஸ்டர் பெரியவருக்கு எடுத்த ஊசியைக் குப்பையில் போட்டார்.

"அக்கா, மூச்சுன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். எந்தக் கோட்டு போட்டிருந்தாலும் திரும்புவேன்."

"அதை முன்னாடியே சொல்றதுக்கு என்ன?"

"யாருக்கும் தோணலக்கா."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. யாரைத் திட்டுவது என்று தெரியாமல், தாஸின் நெஞ்சின்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் அவர் தூங்கினால் என் கை அங்கேதான் போகிறது.