நரிப்பயறு பூத்த மேடு

வந்திருந்தவர்களை நன்கொடையாளர்கள் என்றுதான் சங்கரி நினைத்தாள். அறக்கட்டளையை நடத்தும் நரசிம்மன் சாரின் காருக்குப் பின்னால் இன்னும் இரண்டு கார்கள் வந்து நின்றன. இறங்கியவர்களில் ஓர் அம்மாள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, "ஐயோ, மிதிக்கவே மனசு வரலயே!" என்றாள். மார்கழி மழை ஓய்ந்த பிற்பகல். மேடு முழுக்க நரிப்பயறு மஞ்சளாய்ப் பூத்துக் கிடந்தது. நடுநடுவே தும்பையின் வெள்ளை, சரிவில் கொழிஞ்சியின் ஊதா. இந்த ஒரு வார்த்தையைக் கேட்கத்தான் மூன்று வருடம் இங்கே வெயிலில் காய்ந்தோமோ என்று சங்கரிக்குத் தோன்றியது.

திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகும் சாலையில் உள்ளே தள்ளி இருந்தது அந்த மேடு. சென்னையில் இருக்கும் ஒருவரின் பட்டா நிலம். ஆனாலும் பக்கத்து ஊர் ஆடுகள்தான் காலங்காலமாக அங்கே மேய்ந்தன. பிறகு கிராவல் அள்ள வந்தவர்கள் மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போனார்கள். தாவரவியல் படித்துவிட்டு, கல்பாக்கத்தில் கணவனுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்த சங்கரியை நரசிம்மன் தேடி வந்து, மேட்டை மறுபடி பச்சையாக்கக் கூப்பிட்டது அதற்கப்புறம்தான்.

"வயல்ல போடற விதை மாதிரி இல்லங்க இது," என்று அவள் வந்தவர்களிடம் ஆர்வமாக விளக்கினாள். "தோல் கல்லு மாதிரி இருக்கும். மொத வருஷம் சும்மா தூவினோம், பாதியை எறும்பு தூக்கிட்டுப் போச்சு, மீதி முளைக்கவே இல்ல." மறுவருடம் ஆற்றுமணலோடு சேர்த்துத் துணிப்பையில் போட்டுத் தேய்த்து, சரிவில் குழி பறித்து விதைத்தாள். மழை பொய்த்த நாட்களில் வாடாமல் நின்ற செடிகளை மட்டும் அடையாளம் வைத்து, அவற்றின் விதையையே மறுபடி விதைத்தாள். அப்படிப் பிடித்துக்கொண்டவைதான் இவை.

கேட்டுக்கொண்டிருந்த ஒருவர் நரசிம்மன் பக்கம் திரும்பினார். "வடகிழக்கு மூலையை யாருக்காவது சொல்லிட்டீங்களா?"

"உங்களுக்குத்தான் சார் வச்சிருக்கேன்."

சங்கரிக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. கிணறு எத்தனை அடியில் போடலாம், கடற்காற்று வீடு வரைக்கும் வருமா என்று அந்த அம்மாள் கேட்கக் கேட்கத்தான் மேட்டை மனை போட்டு விற்கிறார்கள் என்று புரிந்தது.

கார்கள் போனபின் நரசிம்மன் அவளிடம் எதையும் மறைக்கவில்லை. குரலில் வழக்கமான கனிவுதான். "ஓனருக்கு ஆரம்பத்துலேர்ந்தே இந்த யோசனைதான், சங்கரி. மண்ணு சுரண்டின மேட்டை யார் வாங்குவா, சொல்லுங்க? வீடுங்க வந்தப்புறம் தோட்டம் முழுக்க உங்க பொறுப்புதான்."

"உங்களுக்கும் ஆரம்பத்துலேயே தெரியுமா சார்?"

அவர் கார்க் கண்ணாடியில் ஒட்டியிருந்த இலையை எடுத்துப் போட்டார்.

"அப்புறம் ஏன் என்னைப் போய் ஊர்ல பேசச் சொன்னீங்க?"

"நீங்க சொன்னாத்தானே நம்புவாங்க?"

பாராட்டுவதைப் போலத்தான் சொன்னார்.

ஊர்க் கைப்பம்பு அருகில் நின்று அவள் கொடுத்த வாக்கு அது. செடி வேர்பிடிக்கும் வரை வேலி போட்டுப் பூட்டி வைக்கிறோம், ஆட்டை விடாதீர்கள், பிறகு மேய்ச்சல் உங்களுடையதே. எல்லோரும் முணுமுணுத்தபோது, "படிச்ச பொண்ணு, பொய்யா சொல்லும்?" என்று முதலில் எழுந்தவள் பூவாயி. தீனி போட வழியில்லாமல் தன் மந்தையில் பெரும்பாலான ஆடுகளை அச்சரப்பாக்கம் சந்தையில் விற்றவளும் அவளே.

மறுநாள் சங்கரி போனபோது பூவாயி வாசலில் வேலமரக் கிளையை ஒடித்து மிச்சமிருந்த ஆடுகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னாமா, கேட்ட எப்போ தொறக்கப் போற? பொங்கலுக்குன்னு சொன்னியே."

சங்கரி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பூவாயி கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். அவள் கிளையைக் கீழே வைத்துவிட்டுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"உனுக்குத் தெரியாதா?"

"சத்தியமா தெரியாதுக்கா."

"மூணு வருசமா அங்கயே குந்திகினு இருந்த. தெரியாதுன்ற." அவள் குரல் உயரவே இல்லை. "எந்தம்பி ஆட்ட ஓட்டிகினு உள்ள பூந்தான்னு அவன ஊர் நடுவுல வெச்சு அடிச்சேன்மா நானு. இன்னி வரிக்கும் எங்கூட பேசறதில்ல. உன் பேச்ச நம்பி அடிச்சேன்."

சங்கரிக்கு வேறெதுவும் தோன்றவில்லை. "நாளைக்குக் காலைல கேட்டைத் தொறந்து வைக்கறேன்க்கா. அவங்க வேலையை ஆரம்பிக்கறதுக்குள்ள ஊர் ஆட்டையெல்லாம் ஓட்டிட்டு வாங்க. ஒரு செடி மிஞ்சக் கூடாது." சொல்லும்போதே, வாடாமல் நின்ற அந்தச் செடிகள் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தன. இருந்தாலும் சொன்னாள்.

"தொறந்து வெச்சுட்டு, அத்துமீறி பூந்துட்டாங்கன்னு போலீஸ கூப்புடுவீங்க," என்றாள் பூவாயி. "போமா. வேலையப் பாரு."

ஆனாலும் மறுநாள் விடிந்ததும் சங்கரி பூட்டைத் திறந்தாள். காற்று அடித்து மூடிவிடாதபடி இரும்புக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பனி இறங்கிய பூக்கள் இன்னும் முழுதாக விரியவில்லை. வெகுநேரம் கழித்துச் சாலையில் ஆடுகளின் குரல் கேட்டது. பூவாயிதான். சாலையின் மறுபுறமாகவே ஓட்டிக்கொண்டு வந்தாள். ஒரு வெள்ளாடு மட்டும் பிரிந்து குறுக்கே வந்து, வாசலில் மூக்கை நீட்டி முகர்ந்து, முன்னங்கால்களை உள்ளே வைத்தது. சங்கரி கதவை இன்னும் அகலமாகத் தள்ளிப் பிடித்தாள். பூவாயி வந்தாள். ஆட்டின் காதைப் பிடித்து வெளியே இழுத்தாள். சங்கரியை ஏறிட்டும் பார்க்காமல் மந்தையோடு திருப்பத்தில் மறைந்தாள்.

அதே திருப்பத்திலிருந்து, மனை எல்லைக்கு நடும் கல்தூண்கள் ஏற்றிய லாரி ஒன்று வந்தது. வாசலருகே மெதுவானது. கதவைத் திறக்க இறங்கப் போன கிளீனர், அவள் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து மறுபடி ஏறிக்கொண்டான்.

"தேங்ஸ்க்கா!" என்று டிரைவர் ஜன்னல் வழியாகக் கையை உயர்த்திவிட்டு, வண்டியை மஞ்சளுக்குள் திருப்பினார்.