லைட், மேட்ச், இன்னும் சில

ராமுத்தாய் மேட்டுப் பாதையில் பின்பக்கமாகவே ஏறிக்கொண்டிருந்தாள். முகம் புருஷன் சுடலையைப் பார்த்தபடி.

“மேட்ச்?”

“தீப்பெட்டி.”

“அப்புறம்?”

“பந்து வெளாட்டு.”

“தொரைசானி சேலைக்கு ரவிக்கை?”

“பொருத்தம். ஏ புள்ள, திரும்பி நட. உருண்டு பீர்மேடு ரோட்டுல கெடப்ப.”

“கெடந்தா ஜீப்புல ஏத்திட்டுப் போவாக. வெரசா வாய்யா!”

எழுபத்து நாலில் தேயிலை ஃபாக்டரிக்குப் புது மெஷின் வந்தது. இலை சுருட்டும் ரோலர் அறையில் சுடலை உட்படப் பாதிப் பேருக்கு வேலை போயிற்று. மிச்சமிருந்தது துரை பங்களாவில் காவல் வேலை ஒன்றுதான். அதுவும் கைநழுவினால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். புதுத் துரைக்குப் பாதிப் பேச்சு இங்கிலீஷ். ஒரே வார்த்தையில் பல காரியம் சொல்வாராம். ராமுத்தாய் எஸ்டேட் பள்ளிக்கூடத்துக் கத்தரீனாள் டீச்சரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு வந்து, அடுப்படியில் உட்காரவைத்து அவனுக்குச் சோற்றோடு ஊட்டியிருந்தாள்.

பங்களா வராந்தாவில் துரையின் முகத்தைப் பேப்பர் மறைத்திருந்தது. அதன் பின்னாலிருந்தே கேட்டார்.

“லைட்னு சொன்னா என்ன செய்வே?”

சுடலை அசையவில்லை. ராமுத்தாய் சட்டென்று அவன் முகத்துக்கு நேரே வந்து நின்றாள்.

“தொரை கேக்காகல்ல? லைட்டுன்னா என்ன செய்வீக?”

“உன்னையா கேட்டேன்?” பேப்பர் இறங்கியது.

சுடலை குரலெடுத்தான். “சாயா குடிக்கையில சொன்னா தூளக் கொறைச்சுக் கடுப்பம் இல்லாமப் போடுவேன் தொரை! இருட்டுனப்புறம் சொன்னா வெளக்கு! பெட்டியக் காட்டிச் சொன்னா, கனமில்லன்னு ஒத்தக் கையில தூக்குவேன்!”

“எதுக்குய்யா கத்துற?”

“ரோலர் ரூம்ல நின்னவுக எல்லாரும் இப்படித்தான் தொரை,” என்று அவள் முந்திக்கொண்டாள். “மெதுவாப் பேசிப் பழக்கமில்ல.”

துரை சிரித்துவிட்டார். “நல்லதுதான், திருடன் பயப்படுவான். நாய் குரைச்சா எழுந்துக்கணும், தெரியுதா?”

“நானும் கூடவே இருப்பேன் தொரை.”

“உனக்குச் சம்பளம் கிடையாதே!”

“வேணாம் தொரை.”

இறக்கத்தில் சுடலை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் போனான். அந்த நடையில் ஒரு துள்ளல். ராமுத்தாய் சுற்றிலும் பார்த்தாள். மூடுபனி, ஆளில்லை. லயத்தில் எந்தப் பெண்ணும் புருஷன் பெயரை வாய்விட்டுச் சொன்னதில்லை.

“சுடலை,” என்றாள் அவன் முதுகைப் பார்த்து. இன்னும் சத்தமாக, “என் சுடலை.”

அவன் திரும்பவில்லை. ரோலர் இரைச்சலில் அங்கே எல்லோரும் வாயசைவைப் பார்த்தே பேசினார்கள்; அதனால் வேறு யாருக்கும் தெரியாது. அவனுக்கு இரண்டு காதும் போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது.